மென்பொருளுக்கு அரைப்பேர் போட்ட கதை

பயந்த ஆளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால், அவன் முதலில் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவான். கையில் ஒரு எண்ணிக்கை இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும். எதை எண்ணினோம் என்பது அப்புறம்தான் தெரியவரும்.

நான் பிறவியிலேயே பயந்தவன். (ஹட்டனில் இறங்க வேண்டியவன், வட்டவளையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு ரயில் கதவருகே நின்றுவிடுவேன்.) பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, பிரித்து மலைக்கு அனுப்புவேன். சாயங்காலம் கொழுந்து நிறுப்பேன். எடை குறைந்தவர்களுக்கு முழுநாள் பேர் கிடையாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். எனக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான்.

என் தங்கச்சி ஜானகியின் புருஷன் சிவா, ஹட்டனில் ஒரு புடவைக்கடை மாடியில் மென்பொருள் ஆபீஸ் வைத்திருந்தார். ஷர்மிளா, தினேஷ் என்று இரண்டு பிள்ளைகள் அங்கே வேலை பார்த்தார்கள். சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒரு முதலாளிக்காக அவர்கள் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். மூட்டையைத் தராசில் வைத்ததும் எடை கம்ப்யூட்டரில் ஏறும். கொண்டுவந்தவரின் போனுக்கு உடனே மெசேஜ் போகும். முதலாளிக்குப் பிடித்தால் ஆபீஸ் பிழைக்கும். பிடிக்காவிட்டால் மச்சான் ஆபீஸை மூடிவிட்டு கத்தாருக்குப் போவதாக முடிவு. ஜானகிக்கு அப்போது ஏழாம் மாதம்.

முதலாளியிடம் செய்துகாட்ட வேண்டிய நேரம் பார்த்து, மச்சானின் அம்மாவுக்குக் கண்டியில் ஆபரேஷன். "ஆபீஸ்ல போய் இருங்க மச்சான். நீங்க ஒண்ணும் செய்யவேணாம், பாத்துக்கிட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். (ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை.)

அங்கே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை. தினேஷின் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் எறும்பு போல ஓடிய எழுத்துகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவனும் அலுக்காமல் சொன்னான். ஷர்மிளா மட்டும் ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, சும்மா இருக்க?"

"யோசிக்கிறேண்ணே."

தோட்டத்தில் யோசிப்பதற்குப் பேர் போடும் வழக்கம் இல்லை. ஒருநாளைக்கு எவ்வளவு வேலை நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று தினேஷிடம் கேட்டேன். எழுதின வரியை எண்ணிப் பாருங்கள் என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் புடவைக்கடைப் படிக்கட்டில் பெரட்டு. சாயங்காலம் நிறுவை. கொழுந்துக்குப் பதிலாக வரிகள். வரி குறைந்தால் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் பேருக்கு நேரே "அரை" என்று எழுதுவேன். தினேஷ் விவரமானவன். எழுதியதையே பிரதி எடுத்து நாலைந்து இடத்தில் ஒட்டிவைத்து மலைபோல் காட்டினான். நான் சந்தோஷப்பட்டு அவனுக்குத் தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பார்த்தால், மொத்த வரியே முந்தின நாளைவிடக் குறைந்திருந்தது. தேவையில்லாததை வெட்டிவிட்டேன், ஒரே வேலையை அஞ்சு இடத்தில் எழுதியிருந்தது என்றாள் ஷர்மிளா. பறித்த கொழுந்தை ஒருத்தி ரோட்டில் கொட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. வெட்டியதை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, அவளுக்கு அரைப்பேரும் போட்டேன்.

செய்துகாட்டும் நாள் வந்தது. முதலாளி கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், அதாவது மடுவத்தில், தராசைச் சுற்றிக் கூட்டம். முதலில் சிறுதோட்டக்காரர் ராமையா அண்ணன் மூட்டையை வைத்தார். எடை சரியாக வந்தது. முதலாளி தலையாட்டினார். ராமையா அண்ணனின் போன் 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. ஐந்து தடவை. அடுத்த மூட்டைக்கும் ஐந்து. எல்லா மெசேஜும் முதலாளிக்கும் ஒரு பிரதி போகும்படி செய்திருந்தார்கள். மேசைமேல் இருந்த அவருடைய போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, கொழுந்துக் குவியலுக்குள் விழுந்து, உள்ளேயிருந்தும் அடித்துக்கொண்டே இருந்தது.

ராமையா அண்ணன் மரியாதையாகக் கேட்டார்: "மொதலாளி, அஞ்சு தடவ நிறுத்ததா வந்திருக்கு. அஞ்சும் நம்ம கணக்குலதானுங்களே?"

வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. தராசடியில் சண்டை வராது என்று சொல்லித்தானே இதைக் கொண்டுவந்தீர்கள் என்று முதலாளி என்னைக் கேட்டார். எனக்கு மச்சான் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் பெட்டியோடு நிற்பது கண்ணில் தெரிந்தது. வெட்டியதைத் திரும்பப் போடச் சொன்னவன் நான்தான் என்று உளறினேன்.

ஷர்மிளா கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, சாக்குமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணே, கவ்வாத்து வெட்டுறவங்களுக்குக் கொழுந்த நிறுத்துப் பாத்துத்தான் பேர் போடுவீங்களா?"

தேயிலைச் செடி நன்றாகத் துளிர்க்கவேண்டுமென்று கிளையெல்லாம் வெட்டிவிடுகிறோமே, அதுதான் கவ்வாத்து. எத்தனை வருஷம் அந்த மலையில் குடை பிடித்து நின்றிருக்கிறேன். வெட்டுகிறவர்களிடம் கொழுந்து எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யணும்மா?"

"வாசல்ல நில்லுங்க. யாரையும் உள்ள விடாதீங்க. நீங்களும் வராதீங்க."

நின்றேன். ராமையா அண்ணனைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினேன். எட்டிப்பார்க்க வந்த முதலாளியை, அவருடைய மடுவத்து வாசலிலேயே, இரண்டு கையையும் விரித்து மறித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரும் தேத்தண்ணிக்குப் போனார். ஷர்மிளா கூப்பிட்ட பிறகு மூட்டையை மறுபடி வைத்தோம். ஒரே ஒரு 'டிங்'. ராமையா அண்ணன் மீதி நாலுக்காக வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி, சரி, நாளையிலிருந்து வையுங்கள் என்றார்.

மச்சான் வந்ததும் அவரைத் துளைத்து எடுத்தேன். வரியை எண்ணாவிட்டால் எதை எண்ணுவது? எண்ணவே கூடாதா? மென்பொருள் வேலையை நடத்துவதற்கு என்று தனியாக நடைமுறைகள் இருக்கின்றனவாம். வேலை செய்கிறதா என்று பார், வரியைப் பார்க்காதே. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து அவ்வப்போது சோதித்துப் பார். வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு பண்ணவிடாதே. "கடைசி ஒண்ணு உங்களுக்கு நல்லா வருது மச்சான்" என்றார்.

எனக்கும் அது பிடித்துப்போனது. ஜானகிக்குப் பெண் பிறந்து வீட்டுக்கு வந்த சமயம், பிள்ளை இப்போதுதான் தூங்குகிறது, யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவளும் கண்ணயர்ந்தாள். நான் வாசலில் நின்றேன். மச்சான் ஆபீஸ் விட்டு நனைந்துகொண்டு வந்தார்.

"யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு மச்சான்."

"நான் புள்ளையோட அப்பா மச்சான்."

"தெரியுது. ஆனா உங்களுக்கு மட்டும் விதிவிலக்குன்னு சொல்லலையே."

பிள்ளை எழுந்து அழும்வரை அவர் தாவாரத்தடியில் நின்றார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் ஜானகி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொல்வாள்: "எங்க வீட்டுக்காரர் கத்தாருக்குப் போகாம தப்பிச்சிட்டாரு. ஆனா சொந்த வீட்டுக்குள்ள வாறதுக்கு எங்கண்ணன் விசா குடுக்கல."