ஆளுக்கொரு சட்டி

இயந்திர அறையின் கதவு திறக்கவில்லை.

உள்ளே மாட்டிக்கொண்ட லியாவ் பச்சைப் பொத்தானை அழுத்தினார், தோளால் முட்டினார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். கதவு அசையவில்லை. சற்று முன்புதான் அவர் லைப்ரரியைப் புதுப்பித்திருந்தார். அதற்கும் முன்பு, வாளி என்றே சொல்லத்தக்க குவளையில் பூசணித் தேநீர் குடித்திருந்தார். இப்போது இரண்டுமே அவரை நெருக்கின.

இந்த லைப்ரரியில் புத்தகம் கிடையாது. பல நிரல்களுக்கும் வேண்டிய பொதுச் சரக்கை ஒரே கோப்பில் போட்டு வைத்தால் அதற்குப் பெயர் லைப்ரரி. தைவானின் சின்ச்சுவில் இருந்த அந்த நிறுவனத்தில் சாப்பாட்டுக்கூடம், வாகன வாயில், கதவுப் பூட்டு எல்லாம் அந்த ஒரு கோப்பை நம்பித்தான் ஓடின. இதுபற்றி லியாவுக்கும் சக பொறியாளர் பெங்குக்கும் நடந்த சண்டைகளில் கட்டடமே ஓரிரு அங்குலம் நகர்ந்திருக்கும்.

"நடு மேசையில ஒரே சூப்புச் சட்டி! எவனோ ஒருத்தன் மிளகாயைக் கொட்டினா எல்லார் நாக்கும் போச்சு. ஒவ்வொரு நிரலுக்குள்ளயும் சொந்தப் பிரதியை வச்சிடுய்யா. ஆளுக்கொரு சட்டி!" என்பார் பெங்.

"மேசை தாங்குமா? சூப்புல தப்புன்னா ஒவ்வொரு சட்டியையா கழுவிக்கிட்டு இருப்பே?"

அன்று காலை லியாவ் சபதமே போட்டிருந்தார். "இந்தப் புதுப்பிப்புல ஏதாவது ஒண்ணு நின்னாலும் என் தலைமைப் பதவி உனக்குத்தான், பெங்."

வாய்தான் வீரம் பேசியது. கை, ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் பச்சை நொறுக்குப் பொட்டலம் ஒன்றை வைத்தது. அது இருந்தால்தான் இயந்திரம் அடம்பிடிக்காது என்பது அந்த ஊர்ப் பொறியாளர்களின் நம்பிக்கை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், ஆவிகளுக்குப் படைக்கும் நாள் வேறு; பயத்தில் அவற்றை 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வார்கள். அலுவலகப் பொறுப்பாளர் யூமெய் அக்காவிடமும் குழைந்திருந்தார். "நல்ல அண்ணன்மாருக்குப் படைக்கிறப்போ எங்க ரூமை மறந்துடாதீங்க அக்கா. தாராளமா வைங்க."

இந்த லட்சணத்தில் கதவைத் திறக்க யாரைக் கூப்பிடுவது? பதவி போய்விடுமே!

கால்களைப் பின்னிக்கொண்டு பழைய லைப்ரரியைத் திரும்பப் போட்டார். கதவு அப்படியே நின்றது. தொலைபேசி அலறியது.

"லியாவ் சார், சாப்பாட்டுக்கூடத்துலேர்ந்து பேசறோம். அட்டையைத் தேய்ச்சா யாருக்கும் சோறு இல்லைங்குது. வரிசை தெருவுக்குப் போயிடுச்சு!"

புதியதையும் பழையதையும் அருகருகே வைத்தார். சோறு வந்தது. வாகன வாயில் பைத்தியம் பிடித்து, வந்த வண்டிக்கெல்லாம் தடுப்புக் கம்பியைத் தூக்கித் தூக்கி வணக்கம் வைத்தது. ஒன்றையும் உள்ளே விடவில்லை.

கதவு? அது கதவாகவே இருந்தது.

பெங்கின் வழியில் போவதா! பல்லைக் கடித்தார். தேநீர் வென்றது. கதவின் நிரலுக்குள் சொந்தப் பிரதியைத் திணித்தார். பயனில்லை. வெறி பிடித்தவர்போல் எல்லா நிரல்களுக்கும் திணித்தார். ஒவ்வொன்றும் யானையாய் ஊதியது. சேமிப்பு வட்டு நிரம்பி வழிந்தது. சாப்பாட்டுக்கூடம் படுத்தது, வாயில் படுத்தது, குளிர்சாதனமும் படுத்தது. நாள் முழுதும் காதடைத்த இரைச்சல் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் கதவுக்கு வெளியே ஒரு முணுமுணுப்பு.

லியாவ் இரு கைகளாலும் கதவை அறைந்தார். "திறங்க! தாங்க முடியல!"

"ஐயோ, நல்ல அண்ணன்மாரே, கோவிச்சுக்காதீங்க!" யூமெய் அக்காவின் குரல் நடுங்கியது. "எல்லாம் உங்களுக்குத்தான்!"

"நான் அண்ணன்மார் இல்லக்கா, லியாவ்! லைப்ரரியை மாத்தினேன், பூட்டு செத்துப்போச்சு!"

"லியாவா? அட, பூட்டு நல்லாத்தானேப்பா இருக்கு, இவ்வளவு நேரமா வெளியே பூட்டு மேல சும்மா சும்மா பச்சை விளக்கு எரிஞ்சுது, நான் அவங்கதான் சாப்பிட வந்துட்டாங்கன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீ தாராளமா வைக்கச் சொன்னேன்னு குளிர்பானப் பெட்டியெல்லாம் கதவுல சாத்தி உச்சி வரைக்கும் அடுக்கியிருக்கேன், ஊதுபத்தி அணையற வரைக்கும் படையலைத் தொடக்கூடாது, அணைஞ்சதும் எடுத்துடறேன்!"