நம்பிக்கைக்குரிய பயணி

இனிமேல் விமான நிலையத்தில் மனைவியோடு ஒரே வரிசையில் நிற்பதில்லை என்று கிளமென்ட் முடிவெடுத்ததற்குக் காரணம் மைசூர்பாகு.

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம் ஆகிறது. சித்தூரில் அவர் வீட்டில் சர்க்கரை டப்பா இருக்கும் இடம் மனைவி ஞானசௌந்தரிக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணப் பந்தியில் ஸ்வீட் கொண்டு வருகிறவன் சௌந்தரியின் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவான். தெருமுனை பேக்கரியில் உப்பு பிஸ்கட்டைத் தவிர வேறு எதையும் அவருக்கு விற்பதில்லை. அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

போன வருஷம் மகள் கேசியாவைப் பார்க்க அபுதாபிக்குப் போனார்கள். கேசியா அங்கே நர்ஸ். சென்னை விமான நிலையத்தில் இமிகிரேஷனைத் தாண்டியதும் ஒரு கடை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நெய் மைசூர்பாகு அடுக்கி வைத்திருந்தார்கள். கிளமென்ட் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதைச் சௌந்தரி பார்த்தாள். அவ்வளவுதான், விமானம் ஏறும்வரை அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அபுதாபியில் மருமகன்தான் அந்தச் சேதியைச் சொன்னான். அடிக்கடி வெளிநாடு போய் வருகிறவர்கள் முன்னாடியே பதிந்து, விரல் ரேகையும் முகமும் கொடுத்து வைத்துவிட்டால் போதுமாம். பிறகு வரிசையே கிடையாது. பாஸ்போர்ட்டை வைத்தால் கதவு திறக்கும். அப்படிப் பதிந்தவருக்கு ‘நம்பிக்கைக்குரிய பயணி’ என்று பெயராம். கிளமென்ட்டுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. தனக்கு இரண்டு நிமிஷம், சௌந்தரிக்கு முக்கால் மணி என்பது மட்டும் விழுந்தது. நடுவில் இருக்கும் நேரம் முழுக்க மைசூர்பாகுக்கு.

ஆக, மனைவியிடம் பொய் சொல்லி நம்பிக்கைக்குரியவர் ஆவது என்று தீர்மானித்தார்.

சித்தூரில் நெட் சென்டர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். ஒரு பாரம் நிரப்பினால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பல் வலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாகபூஷணம் என்பவருடைய கடையில் விண்ணப்பம் போட்டார். சில வாரம் கழித்து, ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. மறுபடியும் பல் வலி என்று கிளம்பிப் போய், அந்த மெயிலை அச்செடுத்து, அட்டை அளவுக்கு வெட்டி லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார்.

“அக்கர்லேது சார், இதுக்கெல்லாம் அட்டையே தேவையில்ல. உங்க விரலும் மொகமும்தான் அட்டை” என்றார் நாகபூஷணம்.

கிளமென்ட் கேட்கவில்லை. அட்டை என்று ஒன்று சட்டைப் பையில் இருந்தால்தான் அவருக்குத் திருப்தி.

அடுத்து, ரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டும். பல் வலி அவ்வளவு தூரம் தாங்காது. அதனால், தன்னோடு குவைத்தில் வேலை பார்த்த நாயுடுபேட்டை வெங்கடரமணனுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். சௌந்தரி மறுபேச்சுப் பேசாமல் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். விமான நிலையத்தில் அதிகாரியால் அவர் விரல்களைத் துடைத்துத் துடைத்து நான்காவது தடவையில்தான் ரேகை எடுக்க முடிந்தது. ரேகை பார்ப்பது பாவம் என்று சர்ச்சில் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே ரேகை பார்த்துத்தான் ஆளையே விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு மாதர் சங்கம் முழுவதும் எழுந்து நின்று வெங்கடரமணனுக்காக ஜெபம் பண்ணியது. ஏற்பாடு சௌந்தரி. வெங்கடரமணன் நாயுடுபேட்டையில் கல்லு மாதிரி இருந்தான். கிளமென்ட் தலை குனிந்தபடியே ஆமென் சொன்னார். அதற்கடுத்த வாரம் சௌந்தரி, வேலூரில் மாதர் கூடுகை என்று காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். அவர் அதைக் கவனித்ததாகவே சொல்ல முடியாது.

கேசியாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளமென்ட் அட்டையை எடுத்துக் காட்டினார். இருபத்தாறு வருஷம் குவைத்துக்குப் போய் வந்தவன் என்பதால் அரசாங்கமே கொடுத்திருக்கிறது என்றார். இது எல்லாருக்கும் கிடைக்காது, நீ வழக்கம்போல வரிசையில் வா, நான் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

சௌந்தரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மாம் நேரம் ஒண்டியா இன்னா பண்ணுவீங்க?”

“ஜெபம் பண்ணிக்கினு இருப்பேன்.”

“நல்லதுங்க” என்று அட்டையைக் கொடுத்துவிட்டாள்.

விமானம் மத்தியானம். போர்டிங் பாஸ் வாங்கியது, பெட்டி போட்டது எல்லாம் சௌந்தரி. கிளமென்ட் கடையில் என்ன கேட்பது, கால் கிலோவா அரைக் கிலோவா என்ற யோசனையில் இருந்தார். இமிகிரேஷன் வந்தது. வரிசை நான்கு மடிப்பாக மடிந்து கிடந்தது. அவர் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நீ போம்மா என்று அவளுக்கு வரிசையைக் காட்டிவிட்டு வேகப் பாதைக்கு நடந்தார்.

பாஸ்போர்ட்டை வைத்தார். முதல் கதவு திறந்தது. விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார். சிவப்பு. இடது கை, வலது கை, கட்டைவிரல், எல்லாம் சிவப்பு. அட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். கதவுக்கு அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அங்கே நின்ற பெண் அதிகாரி வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்ன வேலை சார் பார்த்தீங்க?”

“டைல்ஸ் ஒட்டறது. குவைத்துல.”

“சிமெண்டும் ஆசிடும் ரேகையைத் தின்னுடுச்சு சார். அன்னைக்குக் கிடைச்சது இன்னைக்குக் கிடைக்கல. நீங்க அந்த வரிசையில போயிடுங்க.”

அவர் வெளியே வந்து திரும்பியபோது, பக்கத்துக் கதவில் நீலப் புடவை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பாஸ்போர்ட்டை வைத்தது. விரலை வைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. சௌந்தரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிளமென்ட் வரிசையின் வாலில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் ஒரு பையன். புது பாஸ்போர்ட், புது செருப்பு, பலமனேர்ப் பக்கமாம். முதல் தடவையாக சவுதி போகிறானாம். வெளியே பொண்டாட்டி குழந்தையோடு நிற்கிறாள், இன்னும் போயிருக்க மாட்டாள் என்றான். கிளமென்ட் சரி என்று தலையாட்டினார். தொண்ணூற்று மூன்றில் அவரும் இப்படித்தான் போனார். கைக்குழந்தையாக இருந்த கேசியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சௌந்தரி வெளியே கம்பிக்குப் பின்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவர் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி, விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். அப்புறம் அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள், எந்தப் பஸ்ஸைப் பிடித்து, எப்போது சித்தூர் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று இந்த வரிசையில் நிற்கும்வரை தோன்றவும் இல்லை.

ஐம்பது நிமிஷம் ஆனது. முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தபோது சௌந்தரி எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மைசூர்பாகு டப்பா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க மெயிலு எல்லாம் என் போனுக்கும் வருங்க. டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் தெரியணும்னு கேசியாதான் அப்படிப் போட்டுக் குடுத்தா. நீங்க திருப்பதியில பல் புடுங்கிக்கினு இருக்கும்போதே எனக்கு வந்துடுச்சி. அப்புறம் எனக்கும் போடுன்னு அவகிட்ட சொன்னேன்.”

“அப்ப வேலூர் கூடுகைன்னு போனது ரேகை குடுக்கவா?”

“வெங்கடரமணனுக்கு உடம்பு சரியானதுக்குத் தோத்திரக் கூட்டம்” என்றாள்.

கிளமென்ட் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பார்க்காமலே பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல சௌந்தரி?”

அவள் டப்பாவைத் திறந்து ஒரு வில்லையை இரண்டாக உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தாள். “கேட்டிருந்தா வீட்டிலேயே பாதி குடுத்திருப்பேன். இதுக்காவ அம்மாம் பொய்யா? இருபத்தாறு வருஷம் இந்த ஏர்போர்ட்டுல உங்க முதுகத்தான் பாத்தேன். வர்ற மொகம் எப்படி இருக்கும்னு ஒரு வாட்டி முன்னாடி நின்னு பாக்கணும்னு தோணிச்சி. வேற ஒண்ணும் இல்ல.”

நெய் கையில் வழிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். பரவாயில்லை, நாலு மணி நேரம் இருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கதையெல்லாம் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். தொண்ணூற்று மூன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டே அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

விமானத்துக்குள் நுழைந்ததும் சௌந்தரி ஏழாவது வரிசையில் நின்று, பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்காரப் போனார். அங்கே உட்கார ஓர் அரபிக்காரர் வந்து நின்றார்.

“உங்களுது முப்பத்தொண்ணுங்க, பின்னாடி” என்றாள் சௌந்தரி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. “நாலு மணி நேரம் எனக்கும் கொஞ்சம் ஒண்டியா இருக்கலாம்னு கவுண்டர்ல கேட்டு வாங்கிட்டேன்.”