பக்கத்து வீட்டில் நின்ற என் ஃபிரிட்ஜ்

ஏழையாக நடித்து மாட்டிக்கொண்டவன் நான். இதில் கூடுதல் கேவலம், அப்போது நான் உண்மையிலேயே ஏழைதான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் போடும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் எழுத்தராக இருந்தேன். நானும் மனைவி செல்வியும் எட்டாவது படித்த மகள் ரம்யாவும் ஓர் அறை, ஒரு குசினி உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். (குசினி என்பது அடுப்படி. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.) மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் விருந்தாளி மாதிரி நேரே உள்ளே வரும். ரம்யா கட்டிலில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

சொந்த வீடில்லாத, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு என்று அறிவிப்பு வந்தது. நான் மனுப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். அவள் கணவர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அக்கா ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே இறால் உரிப்பாள். ஒரே மகள் மதுரையில் நர்சிங் படித்தாள். கிறிஸ்துமஸுக்குள் அக்காவைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர் வேறு கெடு வைத்திருந்தார்.

வீடு வீடாக ஆய்வுக்கு வருவார்கள் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த மேதாவி விழித்துக்கொண்டான்.

"டிவி, ஃபிரிட்ஜ் இருந்தா பேரை அடிச்சிருவாங்களாம்" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றாள் செல்வி.

"டீக்கடையில சொல்லுதாங்க."

"டீக்கடையிலயா வீடு கொடுக்காக?"

துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கே காகிதம் தயார் செய்கிறவன் நான். பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

ஆய்வு நாள் காலையில் ஃபிரிட்ஜையும் டிவியையும் அக்கா வீட்டுக்கு நகர்த்தினோம்.

"கொண்டாங்க தம்பி, இங்கன ஒரு ஓரமாக் கெடக்கட்டும்" என்றாள் அக்கா. "யாரு கேட்டாலும் என்னோடதுன்னு சொல்லிக்கிடுதேன்."

அக்காவின் பெயரும் அதே பட்டியலில்தான் இருந்தது. அவள் வீட்டுக்கும் அன்றைக்குத்தான் ஆய்வு. எனக்கு அது தோன்றவில்லை. (செல்விக்குத் தோன்றியது. சொல்லவும் சொன்னாள். "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.)

பிறகு கிழிந்த லுங்கி, ஓட்டை பனியன், மூன்று நாள் தாடி. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

பதினோரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். முதலில் அக்கா வீட்டுக்குள் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு ஃபிரிட்ஜா இருக்கேம்மா?"

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு சின்ன ஃபிரிட்ஜும் பழைய டிவியும் இருந்ததை அப்போதுதான் நினைத்தேன்.

"என்னோடதுதான் மேடம்."

"டிவியும் ரெண்டு. ஒரு ஆளுக்கு எதுக்கும்மா?"

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு ரிப்பேரு மேடம்."

அந்த நேரம் பார்த்து என் ஃபிரிட்ஜ் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. (மாவு புளித்துவிடும் என்று செல்வி பிளக்கைச் சொருகி வைத்திருந்தாள்.)

"இறால் கம்பெனின்னு எழுதியிருக்கு. வேற வருமானம் உண்டா?"

"இல்ல மேடம்."

"நான் பாத்ததை அப்படியே எழுதணும்மா. வீடு கிடைக்கிறது கஷ்டம்தான்."

என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு நாலு எட்டு. நான் போகவில்லை. என் ஆய்வு முடியட்டும், அப்புறம் எப்படியாவது சரிசெய்யலாம் என்று நினைத்தேன். சுவரோடு சுவராக அப்படியே நின்றேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். சுவரில் ஓரிடம் மட்டும் சதுரமாக வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அங்க என்ன இருந்துச்சு சார்?"

"சாமி படம் மேடம்."

"கீழ நாலு கால் தடம் தெரியுதே."

"அது... ஸ்டாண்டு வச்ச சாமி."

அவர் என் பனியன் ஓட்டையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எழுதிக்கொண்டார். "உங்களுக்குப் பிரச்சனை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் அக்கா எதுவும் நடக்காத மாதிரி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. செல்வி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்க போறியளா, நான் போகவா?" என்றாள்.

ஓடினேன். ரேஷன் கடை முக்கில் அதிகாரி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஓடிய ஓட்டத்தில் லுங்கிக் கிழிசல் தொடை வரை போயிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி, மண்ணெண்ணெய்க்கு நின்ற மொத்த வரிசைக்கும் கேட்க, "மேடம், அந்த ஃபிரிட்ஜ் என்னோடது" என்றேன்.

அதிகாரி திரும்பி வந்தார். வரிசையில் பாதியும் கேனோடு கூடவே வந்தது.

அக்காவோ அசையவில்லை. "தம்பி ஏதோ இரக்கப்பட்டுச் சொல்லுதாக மேடம். என்னோடதுதான்" என்றாள். நானே வந்து உண்மையைச் சொல்லியும் எனக்குக் கொடுத்த வாக்கை அவள் விடவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

கடைசியில் நானும் செல்வியும் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தோம். சுவர்ப் பக்கம் மறைத்து வைத்திருந்த சிவப்புப் பெயின்ட் எழுத்துகள் வெளியே வந்தன. அதிகாரி சத்தமாகவே வாசித்தார்: "மணமக்கள் கணேசன் – செல்வி. தாய்மாமன் சீர்."

மண்ணெண்ணெய்க் கேன்கள் சிரித்தன.

"சார், இந்தக் காலத்துல ஃபிரிட்ஜ் இல்லாத வீடு எங்க இருக்கு?" என்றார் அதிகாரி. "ஒண்ணு இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். இங்க ரெண்டு ரெண்டா இருந்துச்சு, அதனாலதான் கேட்டேன்."

ஆக, நான் மறைப்பதற்கு ஒன்றுமே இருந்ததில்லை.

அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில் என்னை எழுதித் தரச் சொன்னார். பழக்கதோஷத்தில் அலுவலகத் தமிழிலேயே எழுதினேன்: "மேற்படி குளிர்சாதனப் பெட்டி என்னுடையது. மேற்படி தொலைக்காட்சியும் என்னுடையது. மேற்படி பெண்மணிக்கு இதில் சம்பந்தமில்லை." கையெழுத்துப் போட்டேன். அக்காவின் மனுவில் எழுதியதை அவர் அடித்துத் திருத்தினார். என் மனுவிலும்தான். தவறான தகவல் தந்ததாக அந்த முறை என் பெயர் நீக்கப்பட்டது.

அக்காவுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. கோயில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்து வீடு மந்திரித்த அன்று நாங்களும் போயிருந்தோம். அக்கா என்னைத் தன் சொந்தக்காரர்களிடம் கூட்டிப்போய், "இவுகதான் எனக்கு மனு எழுதிக் கொடுத்தாக" என்றாள். ஃபிரிட்ஜ் பேச்சையே எடுக்கவில்லை. நான் புதுத் தரையின் டைல்ஸை ரொம்ப நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறோம். ரம்யா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கட்டிலில் கிடக்கும் ஈரத்துண்டு யாருடையது என்று செல்வி கேட்டால் போதும். "மேற்படி துண்டு என்னுடையது" என்று ரம்யா என் குரலிலேயே சொல்லுவாள். போன மாதம் வெயிலில் வந்த அக்கா, நேரே குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தியபடியே கேட்டாள்:

"மேற்படிப் பெட்டி நல்லா ஓடுதா தம்பி?"

முதலில் சிரித்ததும் அவள்தான். நானும் சிரித்தேன், தரையைப் பார்த்துக்கொண்டு.