பவனெல்லி குடும்பத்தின் எடை

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்போது கனால்பியானோ ஊரில் பாதிப் பேர், தாங்களும் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள்.

கேம்பர் வண்டிக்குள் நான்கு பேர். ஓட்டும் இருக்கையில் எர்மெஸ் பவனெல்லி, பக்கத்தில் மனைவி நேரினா, பின்னால் எர்மெஸின் அக்கா க்ளேலியா, அவருக்கு எதிரே நேரினாவின் தம்பி வில்மெர். லாரிகளை நிறுக்கத் தெருத்தளத்தோடு பதித்த நீளத் தராசின் எடைக்கூண்டுக்குள் லெயார்கோ. வெளியே வண்டியை ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் காப்பிக்கடை மிரெல்லா, முடி திருத்தும் ப்ரிமோ, தபால்காரி லோரெத்தா, கோயில் மணியடிக்கும் அதெல்மோ. அவ்வளவுதான். மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

"மூவாயிரத்து எழுநூத்து அறுபது!" என்று கூண்டின் சின்ன ஜன்னல் வழியாகக் கத்தினார் லெயார்கோ.

எர்மெஸ் தலையை வெளியே நீட்டினார். "இன்னொரு தரம் பாரு."

"ரெண்டு தரம் பாத்தாச்சுய்யா. சட்டப்படி மூவாயிரத்து ஐநூறு. இருநூத்து அறுபது கிலோ கூட இருக்கு."

"இருக்காது."

"முள்ளுகிட்ட சொல்லு."

இருக்க முடியாதுதான். முப்பத்தோரு ஆண்டுகள் வாய்க்கால் நீரேற்று நிலையத்தில் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவர் எர்மெஸ். ஆற்று நீரின் மட்டத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் எழுதி வைத்தவர். இந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் திட்டமிட்டிருந்தார். நேப்பிள்ஸ் நகரத்தில் கேம்பர் நுழையக்கூடாத தெருக்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். கடலோரம் வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் எந்த மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தார். நெடுஞ்சாலையில் கேம்பர்களை நிறுத்தி எடை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், உப்புப் பொட்டலம் முதல் தலையணை வரை எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். க்ளேலியா சொன்ன உடல் எடையோடு, அவரிடம் சொல்லாமல், எட்டுக் கிலோ சேர்த்துக்கொண்டார். மொத்தம் மூவாயிரத்து நானூற்று எண்பத்தைந்து. பதினைந்து கிலோ மிச்சம். கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், விஷயம் அப்படிப்பட்டது. மகன் ரினால்தோ நேப்பிள்ஸில் வேலை பார்க்கப் போய், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். பெண்ணின் அப்பா அனியெல்லோ, "எங்க வீட்லதான் தங்கணும், எங்க வீட்லதான் சாப்பிடணும்" என்று தொலைபேசியில் உத்தரவு போட்டார். எர்மெஸ் ஒப்பவில்லை. பெண் வீட்டுக் கட்டிலில் தூங்கி, பெண் வீட்டுத் தட்டில் தின்றுவிட்டுக் கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்தால் முதுகு எப்படி நிமிரும்? அதனால்தான் சொந்தக் கட்டிலும் சொந்த அடுப்பும் உள்ள கேம்பர். நேப்பிள்ஸ்காரர்களை அவர்கள் ஊரிலேயே, பவனெல்லி குடும்பத்து மேஜைக்கு அழைத்து உட்கார வைப்பது என்று முடிவாயிற்று.

"சரி, வைன் ஜாடி ரெண்டையும் இறக்கு" என்றார் எர்மெஸ்.

"அத்தான், வைன் இல்லாம சம்பந்தி வீட்டுக்கா?" என்றார் வில்மெர். "அதுக்கு நான் போகாமயே இருந்துடுவேன்."

"உன்னை இறக்கினாலும் எடை குறையும். எதை இறக்கட்டும்?"

வில்மெர் ஜாடியைத் தூக்கினார். ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டருக்கு மேல். தனியாக முடியவில்லை என்று காப்பிக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். வெயில் படாமல் வண்டியின் நிழலிலேயே ஜாடிகளை வைத்தார்கள்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு!"

"என்னது?"

"நூத்து அம்பத்தஞ்சு கிலோ ஏறியிருக்கு."

"வைனை இறக்கினா எடை ஏறுமா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்குற? நான் முள்ளைத்தான் பாக்கறேன், வைனைப் பாக்கல" என்றார் லெயார்கோ. அது உண்மை. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டியின் முன்விளக்கு இரண்டும்தான் தெரியும்.

எர்மெஸின் காது சிவந்தது. அடுத்து சமையல் சாமான்கள். முப்பது பேருக்குச் சூப் வைக்கும் பானை, மாவு தேய்க்கும் பெரிய பலகை, பதினொரு பூசணிக்காய், ஒன்பது சாலமா. சாலமா என்பது வைனில் ஊறி ஒரு வருஷம் தொங்கிய பன்றி இறைச்சி உருண்டை. அதைத் கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்குவார்கள். நேரினா ஒவ்வொன்றாகக் கொடுக்க, கீழே ஆட்கள் வாங்கி வரிசையாக அடுக்கினார்கள். இதைப் பார்ப்பதற்காகவே முடியில் சாயம் பூசிய தலையோடு நான்கு பெண்கள் அழகு நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள்.

"நாலாயிரத்து நூத்து எண்பது!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லார் கண்ணும் மெதுவாகத் திரும்பி, பின் ஜன்னலில் தெரிந்த க்ளேலியாவின் மேல் நின்றது.

"என்னை ஏன்டா பாக்கறீங்க?" என்றார் க்ளேலியா.

"யாரும் பாக்கலையே அக்கா" என்றார் எர்மெஸ்.

"பாத்தீங்க. நேத்து ராத்திரி வெறும் சூப்தான் குடிச்சேன்."

"எந்தப் பானையில?" என்று வில்மெர் கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது.

க்ளேலியா எழுந்தார். கைப்பையை மாட்டினார். அரசி படியிறங்குவது போல இறங்கி, பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். "இப்பப் பாருடா லெயார்கோ. சத்தமாச் சொல்லு, ஊருக்கே கேக்கட்டும்."

அதே நேரத்தில் பாதிரியார் வண்டியை ஆசீர்வதிக்க வந்து சேர்ந்தார். தீர்த்தத்தைச் சக்கரங்களின் மேல் தெளித்து, நான்கு திசையும் பார்த்துச் சிலுவை போட்டார்.

"நாலாயிரத்து இருநூத்து எழுபது!"

"பாத்தியா?" என்று க்ளேலியா முழங்கினார். "நான் இறங்கினதும் தொண்ணூறு கிலோ கூடியிருக்கு! நான் உள்ள இருந்ததாலதான் இவ்வளவு நேரம் குறைச்சலா இருந்திருக்கு!"

பாதிரியார் தீர்த்தப் பாத்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எர்மெஸ் வண்டியடியில் குனிந்து தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். நூறு லிட்டர் கனால்பியானோ தண்ணீர் தெருவில் ஓடியது. நேப்பிள்ஸ் தண்ணீரில் பூசணி அடைத்த கப்பெல்லாச்சிக் கொழுக்கட்டையை வேகவைத்தால் ருசி மாறும் என்று நேரினா பிடித்து வைத்த தண்ணீர் அது. தண்ணீர் ஓடுவதையும் கூட்டம் வழியை அடைத்து நிற்பதையும் பார்த்து, ஃபெர்ராரா போகும் காலைப் பேருந்து ஒலி எழுப்பியது. பிறகு நின்றது. பிறகு ஓட்டுநரும் பத்துப் பயணிகளும் என்னவென்று கேட்க இறங்கி வந்தார்கள். கேட்டவர்கள் திரும்பிப் போகவில்லை.

நேரினா இறங்கினார். வில்மெர் இறங்கினார். கடைசியில் எர்மெஸும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். வண்டிக்குள் ஒரு ஸ்பூன்கூட இல்லை.

லெயார்கோ முள்ளை மூன்று தரம் பார்த்தார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. எர்மெஸ், உண்மையைச் சொல்லுய்யா, உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல! நானே வெளிய நிக்கிறேன்!"

"நீ இறங்கினதுக்கு முள் அசையவே இல்லையே."

"நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு சொல்றியா?"

"அதை நான் முப்பது வருஷமாச் சொல்றேன்" என்றார் நேரினா.

கூட்டம் சிரித்தது. எர்மெஸ் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆற்று வெள்ளம் வந்த வருஷத்தில்கூட அவர் கணக்கு பிசகியதில்லை. இப்போது வெறும் வண்டி, ஊர் பார்க்க, ஐந்து டன்னை நெருங்கி நிற்கிறது. இதில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போனால் சம்பந்தியைப் பார்ப்பதற்கு முன் போலீஸைத்தான் பார்க்க வேண்டும். போகாவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிட்டார்கள் என்று நேப்பிள்ஸ் முழுக்கப் பேசுவார்கள்.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அனியெல்லோ.

"சம்பந்தி! கிளம்பியாச்சா? எந்த ஊர் தாண்டினீங்க? இங்க எங்க தெருவே பால்கனியில நிக்குது!"

எர்மெஸ் பொய் சொல்லிப் பழகாதவர். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. நேரினா எட்டித் தொலைபேசியைப் பிடுங்கினார்.

"சம்பந்தி, நேரினா பேசறேன். ஒரு பெரிய தப்பு பண்ணிட்டோம். எங்க பக்கத்து முறைப்படி முதல் சாப்பாடு மாப்பிள்ளை வீட்லதான். அதை மறந்துட்டு நாங்க கிளம்பிட்டோம். ஞாயித்துக்கிழமை நீங்கதான் இங்க வரணும். வரலேன்னா எங்களுக்கு மரியாதை இல்ல."

அப்படி ஒரு முறை கனால்பியானோவில் அதுவரை இருந்ததில்லை. அன்றிலிருந்து இருக்கிறது.

மறுமுனையில் அனியெல்லோ யார் யாரையோ பேர் சொல்லி எண்ணுவது கேட்டது. பிறகு, "எத்தனை பேர் வரலாம்?" என்றார் அனியெல்லோ.

"எல்லாரும்."

"அப்ப சரி. ரொம்பப் பேர் இல்ல. பதினேழு."

ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேரும் ரயிலில் வந்தார்கள். பதினெட்டாவதாக ஒருவரும் வந்தார். ரயிலில் அவர்களோடு பேசிக்கொண்டே வந்து, பிரிய மனமில்லாமல் இறங்கியவர். எர்மெஸ் வீட்டு முற்றத்தில் கேம்பரின் அடுப்பும், உள்ளே வீட்டு அடுப்பும் எரிந்தன. கப்பெல்லாச்சியை அனியெல்லோ மூன்று தட்டு வாங்கினார். சாலமாவை முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நேப்பிள்ஸ்காரர் ஒருவர் தொடர்ந்து நான்கு நிமிடம் பேசாமல் இருந்தது அந்த மேஜையில்தான் என்று அவர் மனைவியே சொன்னார்.

"சம்பந்தி, இப்ப சொல்லிடறேன்" என்றார் கண்ணைத் திறந்து. "நீங்க வரலேன்னதும் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏத்தினேன்."

"ஏன்?" என்றார் எர்மெஸ் விறைப்பாக.

"உங்க வண்டி எங்க தெருவுக்குள்ள நுழையாது. கடலோரம் நிறுத்துறதாவது! பொண்ணு வீட்டு வாசல்லதான் நிறுத்தணும்னு நாலு நாளாத் தெருவைக் காலி பண்ணிட்டிருந்தேன். ஸ்கூட்டர், துணிக்கொடி, மாதா கூண்டு எல்லாம் எடுத்தாச்சு. எதிர்வீட்டுப் பால்கனியை ஒரு முழம் அறுக்கலாமான்னு கேட்டேன். அவன் இன்னும் என்கூடப் பேசல."

எர்மெஸ் அவரையே பார்த்தார். தனக்காக ஒரு பால்கனியை அறுக்கத் துணிந்த மனிதர். எழுந்து போய் அவர் கோப்பையைத் தானே நிரப்பினார். பவனெல்லி குடும்பத்தில் தலைவர் எழுந்து போய் வைன் ஊற்றினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று கல்யாணம் நிச்சயமாயிற்று. க்ளேலியா அந்தப் பதினெட்டாவது ஆளோடு நடனமாடினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் எர்மெஸுக்கு அந்த எண் தொண்டையில் முள்ளாக நின்றது. திங்கட்கிழமை காப்பிக்கடையில் யாரோ, "நேப்பிள்ஸ் போக்குவரத்துக்குப் பயந்துட்டாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. குடும்பத்தின் பேர் விஷயம். வில்மெர் கோப்பையை வைத்துவிட்டு, "பயமா? தராசு கெட்டுப்போச்சு. பத்து வருஷமாவே கோளாறு" என்று எடுத்துவிட்டார். மாலைக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சு. சர்க்கரைப் பீட் லாரிகளில் தாங்கள் எத்தனை டன் இழந்தோம் என்று விவசாயிகள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். லெயார்கோ தன் கௌரவம் போயிற்று என்று கூண்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நகராட்சி ஃபெர்ராரா எடைச் சோதனை அலுவலகத்துக்கு எழுதியது.

புதன்கிழமை காலை ஒரு சோதனை அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். ஊர் விழிப்பதற்கு முன்பே லெயார்கோவிடம் சாவி வாங்கிக் கூண்டைத் திறந்து, இரும்புப் படிக்கற்களை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஏதோ எழுதிக்கொண்டார். ஒன்பது மணிக்கு முடிவைச் சொல்வார் என்று தெரிந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். மிரெல்லா, ப்ரிமோ, லோரெத்தா, அதெல்மோ, பாதிரியார், பேருந்துக்காரர்கள், சாயத் தலைப் பெண்கள். எர்மெஸ் கோட்டும் டையும் அணிந்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, முன்வரிசையில் குடும்பத்தோடு நின்றார்.

அதிகாரி கடைசியாக ஒருமுறை கூண்டுக்குள் போய் முள்ளைப் பார்த்தார். நின்று மறுபடி பார்த்தார். வெளியே வந்தார். தலையைத் தூக்கி யாருடைய முகத்தையும் பார்க்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"தராசு கெட்டுப்போச்சுங்கறது பொய். அது சரியாத்தான் இருக்கு. ஊர்தான் அதுக்கு மேல நிக்குது."