ஒன்வேயில் ஜெயித்த ஸ்கூட்டர்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
திங்கட்கிழமை.

சந்தாபுராவில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் என் மச்சான் சுந்தரமூர்த்திக்கு, உன் அக்கா ஜானகியை முப்பத்தொரு வருஷமாகக் கண்கலங்காமல் வைத்திருக்கும் முனியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா, ஸ்கூட்டர் மூவரும் நலம். அங்கே ஷோபாவும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் நலத்தைப் பற்றித்தான் கவலை. இதைப் படித்ததும் உனக்கு லேசாகத் தலை சுற்றலாம், உட்கார்ந்து படி.

போன மாதம் உன் வீட்டு வளைகாப்பில், பந்தியில் அத்தனை பேர் கேட்க நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, அந்த டப்பாவைக் குஜரிக்குப் போட்டுட்டு ஒரு கரண்ட் ஸ்கூட்டர் வாங்குங்க. தள்ளித் தள்ளியே அக்காவுக்கு முட்டி தேஞ்சு போச்சு" என்றாய். எழுபத்து நாலாம் வருஷத்து டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்ன வாய்க்கு அன்றைக்கே பாயசத்தால் பதில் சொல்லியிருப்பேன், இலையில் தீர்ந்துவிட்டிருந்தது. அதனால்தான் பந்தயம் கட்டினேன். ஆஸ்டின் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் மைதானம் வரை போகும் பழைய ஸ்கூட்டர் ஊர்வலத்தில் ஜானகியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒருத்தர் கை வைத்துத் தள்ளினாலும் வண்டி குஜரிக்கு. தள்ளாமல் போய்ச் சேர்ந்தால் நீ ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. இதற்குப் பந்தியே சாட்சி.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டினால் உள்ளேயிருந்து கரி ஒரு மூட்டை வந்தது (ஜானகி ஒரு முறம் என்கிறாள், அவளுக்கு அளவு தெரியாது). பிளக்கை எமரி பேப்பரால் தேய்த்ததில் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போல ஆயிற்று. பெட்ரோலோடு லிட்டருக்கு இவ்வளவு ஆயில்தான் கலக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அது சாதாரண ஆட்களுக்கு. நான் இரண்டு மூடி கூடவே ஊற்றினேன், எஞ்சினும் நம்மைப் போலத்தானே, விசேஷ நாளில் கொஞ்சம் நெய் கூட விழுந்தால்தான் உற்சாகம். மெக்கானிக் கிருஷ்ணப்பா கன்னடமும் தமிழும் கலந்து ஒன்றே ஒன்று சொன்னான்: "சார், டைமிங் தட்டை மட்டும் முட்டபேடி. அதை நான் வந்து வெச்சுக் கொடுக்கறேன்." தொடக் கூடாதாம். யார் வண்டியை யார் தொடக் கூடாது? அவன் அந்தப் பக்கம் போனதும் தட்டை ஒரு எள்ளளவு நகர்த்தி, பிளக்கில் பொறி விழவைக்கும் பாயிண்ட்டுக்கு நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கொடுத்துப் பார்த்து இறுக்கினேன்.

நேற்றுக் காலை வண்டியை இடது பக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று பத்து எண்ணி, நிமிர்த்தி ஒரே உதை. சிங்கம். (ஒன்பதாவது உதை என்று ஜானகி எழுதச் சொல்கிறாள், முதல் எட்டும் ஒத்திகை.) ஊர்வலத்தில் நாற்பது ஸ்கூட்டர், நம்முடையது நடுநாயகம். புகையும் நன்றாகவே வந்தது. பின்னால் வந்தவர்கள் மரியாதையாக விலகி அரை பர்லாங் தள்ளியே வந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் வரை ஒரு கை படவில்லை, மச்சான்.

அங்கேதான் சோதனை. ஊர்வலம் முடியும் மைதானத்து கேட் இடது பக்கம். காற்று திரும்பி நம் புகை நமக்கு முன்னாலேயே வந்து கேட்டை மறைத்துவிட்டது. ஐம்பதடி தாண்டிப் போய் பிரேக் போட்டேன், எஞ்சின் நின்றுவிட்டது. ரோடு ஒன்வே. திருப்பக் கூடாது. இறங்கித் தள்ளினால் பந்தயம் போச்சு. கேட்டருகே நின்ற கூட்டம் என்னையே பார்க்கிறது. ஜானகி மெதுவாக, "இறங்கிடட்டுமா?" என்றாள். வாழ்நாளில் அவள் என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசியதில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உயிரைக் கொடுத்து உதைத்தேன். உதைத்த கிக்கர் திருப்பி என்னை உதைத்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது, சத்தம்தான் கொஞ்சம் வேறு மாதிரி. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால், வண்டி பின்னால் போகிறது.

பின்னால், மச்சான். கேட்டைப் பார்த்து.

ஒரு நிமிஷத்தில் ஜானகிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பக்கமாக உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்டக்டராகிவிட்டாள். "ரைட்டு, ரைட்டு, லெஃப்ட்ல கம்பம் இருக்கு பாத்து. நேரா போறதுக்கே உங்களுக்கு வழி தெரியாது, இதுல பின்னால வேற." டிராபிக் போலீஸ்காரர் ஓடி வந்து, ஒன்வேயில் எதிர்ப் பக்கம் போவது குற்றம் என்றார். "வண்டி மூஞ்சியைப் பாருங்க சார், சரியான பக்கம்தானே பாக்குது" என்றேன். அவர் முன்னால் வந்து மூஞ்சியைப் பார்த்தார், பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார். அதற்குள் நாங்கள் கேட்டுக்குள். டைமிங்கைக் கெடுத்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உல்டாவாகச் சுற்றும் என்று கூட்டத்தில் கிருஷ்ணப்பா தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். பொறாமை. ஊர்வலத்தை நடத்தும் அல்போன்சா அம்மா, கூட்டம் அதிகமாகக் கைதட்டிய வண்டிக்கென்று வைத்திருந்த கப்பைத் தன் கையால் கொடுத்து, "எங்க மைதானத்துக்கு இப்படி முதுகைக் காட்டிட்டு வந்து ஜெயிச்ச ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார்கள். கப் இப்போது நம் டிவி மேல் இருக்கிறது. நீ வந்தால் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

ஆகவே தோல்வியை நல்ல தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஷோபாவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் படிப்பிலும் வண்டி ஞானத்திலும் மாமனைப் போல வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
யாரும் தள்ளாத,
கே. முனியப்பன்

பின்குறிப்பு: நேற்று நாங்கள் ஆட்டோவில்தான் வீடு வந்தோம். உள்ளே போன வேகத்தில் பிரேக் கொஞ்சம் யோசித்ததால், வண்டி அல்போன்சா அம்மாவின் டீ மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு எந்தப் பக்கமும் போக மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் டெம்போவை எடுத்துக்கொண்டு வா. கூட நாலு பேர் வேண்டும், பலகை போட்டுக் கீழேயிருந்து ஏற்ற வேண்டும். அது ஏற்றுவது, தள்ளுவதில் சேராது. டெம்போ சந்தாபுராவிலிருந்து காலியாக வருவதற்குப் பதில், நீ பார்த்து வைத்திருக்கும் அந்தக் கரண்ட் ஸ்கூட்டரை அதில் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள் ஜானகி. அதில் ரிவர்ஸுக்குத் தனி பட்டனே இருக்கிறதாமே. ஓட்டப் போவது அவள்தான். நான் பின்னால் உட்கார்ந்து ரைட்டு சொல்ல வேண்டுமாம்.