எல்லாம் சூடுதான்!

சூடு சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வெயிலுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் அடுத்தபடி ஏராளமாகக் கிடைப்பது இவர்கள்தான். உங்களுக்குக் கண்ணில் கட்டியா? சூடு. காலில் பித்தவெடிப்பா? சூடு. மகன் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட் அடித்துவிட்டானா? மூளைச் சூடு! பட்டம் கிடையாது, போர்டு கிடையாது, நீங்கள் கேட்க வேண்டும் என்பதுகூடக் கிடையாது.

இந்த இனத்தின் சிகரம் எங்கள் நடராசன். தாலுகா ஆபீஸ் எழுத்தர். தினமும் திருமானூரிலிருந்து அரியலூருக்கு டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வருவார். எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் டிரைவர் செல்லப்பன், வாயில் பீடியோடு, அவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார், நேத்துலேருந்து ஒண்ணுக்கு செவப்பாப் போவுது."

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நடராசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வலி இருக்கா?"

"துளிகூட இல்லீங்க."

"அப்பறம் என்னய்யா பயம்? இருவது வருசமா இஞ்சின் பக்கத்துல குந்தியிருக்க. செவப்பாப் போவாம பச்சையாவா போவும்? சூடு!"

பஸ்ஸே ஆமோதித்தது. ஒருவர் தொப்புளில் விளக்கெண்ணெய் என்றார், ஒருவர் வெறும் வயிற்றில் வெந்தயம் என்றார், கூடைக்காரப் பொன்னாயி இளநீர் என்றார், இளநீரே சூடு என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அரியலூர் வருவதற்குள் பதினேழு வைத்தியம் சேர்ந்துவிட்டது. செல்லப்பன் பதினேழையும் செய்தார்.

மூன்றாம் நாள் நின்றுவிட்டது!

இந்த நோயின் குறும்பே அதுதான். தானாக வரும், தானாக நிற்கும். பெயர் யாருக்கு? நடராசனுக்கு. அவர் புகழ் பெரம்பலூர் வரை போயிற்று. ஆடிக்குள் இரண்டு முறை மறுபடி வந்தது, மறுபடி வெந்தயம், மறுபடி நின்றது, மறுபடி புகழ்.

நான்காம் முறை செல்லப்பன் சொன்னபோது, ஏலாக்குறிச்சி நர்ஸ் மரிய புஷ்பம் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வலிக்காம ரத்தம் போனாத்தாண்ணே பயப்படணும். வலிச்சிருந்தா நீங்களே ஓடியிருப்பீங்க. நாளைக்கே லீவு போடுங்க, திருச்சிக்குப் போங்க."

"திருச்சியா? அந்த ஊரே சூடாச்சேம்மா!" என்றார் நடராசன்.

நான் பின் சீட்டில் இருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போது கண்ணாடியில் செல்லப்பன் முகம் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாளே லீவு போட்டார்.

திருச்சியில் விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையின் உள்தோலில் கோழிக்கொண்டை போல ஒரு வளர்த்தி. புற்றுநோய். இஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பீடி விஷம் ரத்தத்தில் கலந்து, மூத்திரத்தில் இறங்கி, பையில் தேங்கித் தேங்கிச் செய்த வேலையாக இருக்கும் என்றார் டாக்டர். நல்லவேளை, தோலோடு நின்றிருந்தது. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். "சதைக்குள்ள எறங்கியிருந்தா பையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும். இது திரும்பி வர்ற ஜாதி. மூணு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டணும்" என்று அனுப்பினார்.

செல்லப்பன் மறுபடி பஸ் ஓட்ட வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடராசன் வழக்கமான சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்சமாவது வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

"டாக்டர் என்னய்யா சொன்னாரு?"

"பீடியத் தொடக்கூடாதுன்னாரு. தண்ணி நெறயக் குடிக்கச் சொன்னாரு."

நடராசன் பஸ் முழுவதையும் திரும்பிப் பார்த்தார். "தண்ணி எதுக்குக் குடிக்கச் சொல்றாங்க? கேட்டுக்கங்கய்யா! சூட்டுக்குத்தானே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், 'இருந்தாலும், இத்தனை வருஷம் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு கொஞ்சம் சூடாகத்தானே செய்யும்' என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? வணக்கம், சூடு சொல்லியாரே! உங்கள் வீட்டில் யாராவது சிவப்பாகப் போவதாகச் சொன்னால், தயவுசெய்து வாயைத் திறக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.