வாட்டம் பார்த்தவர்

என் ரத்த அழுத்தத்தை ஏற்றியவர்களுக்கென்று திருச்சியில் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு 'ஊறட்டும்' என்கிறவருக்குத்தான். இரண்டாம் பரிசையும் ஆறுதல் பரிசையும் அவரிடமே கொடுத்தனுப்பிவிடலாம். மற்றவர்கள் பக்கத்தில்கூட வர முடியாது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வீடுகளில் செயற்கைப் புல் போடுவது தொழில். எதைக் கேட்டாலும் "ஊறட்டும் சார்" என்பார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

இந்த வயதில் உனக்கு எதற்கு பிளாஸ்டிக் புல் என்று நீங்கள் கேட்கலாம். காட்டூரில் எங்கள் மனை ஒரு காலத்தில் வயல். காம்பவுண்டுக்குள் இருக்கும் காலியிடம், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் அடித்தால் பாதம் நுழையும் அளவுக்கு வெடிக்கும். என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "தினம் நடக்கணும், ஆனா விழவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் நடக்கலாமென்றால் நாய்களும் பைக்குகளும். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைத் தினமும் ஒரு சுற்று வந்து வளர்ந்தவள், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து நடக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்துக்குள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆவணியில் அவர் வந்தார். ஜீயபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மொபெட்டில் புல் சுருளோடு வருவார் என்று பார்த்தால் கடப்பாரையோடு வந்தார். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று காபி முடித்து நாலு மணிக்குத்தான் எழுந்தார். ஊற்றிய தண்ணீர் வடியாமல் அப்படியே நின்றது.

"சார், உங்களுக்கு முழுக்கக் களிமண்ணு" என்றார் வருத்தமாக.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆச்சாக்கும்? எனக்குக் கல்யாணமான அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு!"

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் முதல் முக்கால் அடி மண்ணை வெட்டி வெளியே தள்ளினார். துணி விரித்தார், தண்ணீர் வடிய ஓட்டை போட்ட குழாயைப் புதைத்தார், ஜல்லி கொட்டித் தண்ணீர் விட்டார். அப்புறம் ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"எப்பங்க வர்றீங்க?"

"ஊறட்டும் சார். எறங்குறதெல்லாம் இப்பவே எறங்கிடட்டும்."

"நான் என்ன இட்லிக்கு அரிசியா போட்டிருக்கேன்?"

"அதுக்கு நாலு மணி நேரம் போதும் சார். இதுக்கு ஒரு வாரம்."

இதற்குள் எதிர்வீட்டில் யாரோ நாலு பேர் காலையில் வந்து இறங்கி, மண்மேலேயே புல்லை விரித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அதில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டை ஒரு பார்வை பார்த்தார். நான் போனில் கத்தினேன்.

கத்தியதற்குப் பலன் இருந்தது. அடுத்த நாளே வந்து ஜல்லியின் மேல் மணலைப் பரப்பி இடித்தார். பிறகு அதில் ஒரு நீளப் பலகையை வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன்மேல் உருட்டினார். தண்ணீர் தெருப் பக்கம் ஓட வாட்டம், அதாவது சரிவு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இல்லையா என்று கேட்டேன். "அது பொய் சொல்லும் சார், பழம் சொல்லாது" என்றார். நாலு மூலையிலும் உருட்டி, அடையாளத்துக்கு மூலைக்கு ஒரு பழத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெட்டிப்போட்ட மண், நாலு மூலையில் நாலு எலுமிச்சம்பழம், மாதக்கணக்கில் வெளியே வராத வீட்டுக்காரி. எதிர்வீட்டு அம்மா கேட்டருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார், யாராச்சும் ஏதாச்சும் வச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. வாட்டம் பாக்குறாரு."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன். அக்கா மூஞ்சியில ரொம்ப நாளாவே வாட்டம்தான்."

மறுநாளிலிருந்து பால்காரர் பாலைக் கேட்டிலேயே தொங்கவிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மா எங்கேயோ மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைப் பயபக்தியோடு கொண்டுவந்து கொடுத்தார். ஊறட்டும் அதையும் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்லா ஓடுது சார்" என்றார்.

நன்றாக ஓடியதுதான் வம்பு. நான் கத்தியதால் சரியாக ஊறாத ஜல்லி இதற்குள் இறங்கியிருக்க வேண்டும், பழம் வீட்டுப் பக்கமாக ஓடியது. போட்டதையெல்லாம் சுரண்டியெடுத்து மறுபடி போட வேண்டும், இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீங்க போட்டுக் கிழிச்சது போதும், கிளம்புங்க!"

அவர் கிளம்பவில்லை. "அக்கா கால் வைக்கிற எடம் சார். ஒரு எடம் அமுங்கினாலும் ஆளு சாஞ்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"அவரைத் திட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல். சொந்த வீட்டிலேயே எனக்கு ஆதரவில்லை.

நாற்பதாம் நாள் புல் விரித்தார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் கொட்டியது. எதிர்வீட்டுப் புல் நடுவில் உப்பிக்கொண்டு எழும்பியது. அவசரப்பட்டு அதில் நாற்காலி போட்டவர், நாற்காலியோடு ஒரு பக்கமாக இறங்கினார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

நாலாம் நாள் காலை தூறல். என் மனைவி வெறுங்காலோடு படியிறங்கினாள். சுவரில் கை வைத்து ஓர் அடி, இரண்டடி. பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தாள். தானாகவே நடந்து கேட் வரைக்கும் போய்விட்டாள்.

கேட்டுக்கு வெளியே மழைக்கோட்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஜீயபுரத்திலிருந்து அந்த மழையில் வந்திருக்கிறார். புல்லைப் பார்க்கவில்லை, அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாச்சும் அமுங்குதா அக்கா?"

"இல்லப்பா."

"சரிக்கா" என்று வண்டியைத் திருப்பினார்.

நான் குடைகூட எடுக்காமல் ஓடினேன். இந்த மனுஷன் எப்போது தொலைவார் என்று நாற்பது நாள் புலம்பியவன், நடுத்தெருவில் நனைந்துகொண்டே அவர் வண்டியைப் பிடித்து நிறுத்தி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.